பதினோரு நிமிடம்

முப்பத்தெட்டு வெள்ளியில் ஆரம்பித்தது.
ரத்து செய்துவிட்டோம் என்று ஜூனில் வாயால் சொன்ன
இணையக் கம்பெனி
செப்டம்பரில் அப்படிச் சொல்லவே இல்லை என்றது.
"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்பீர்களே,
அந்தப் பதிவைக் கொடுங்கள் என்றேன்.
சட்டம் இருக்கிறது. அதற்கொரு பாரமும்.
கட்டணம் பத்து வெள்ளி, தவணை இருபத்தொரு நாள்.
கொம்தார் பக்கம் போனபோது
பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

இருபதாம் நாள் வந்தது.
குணாளன் அ/லெ சின்னையா.
ஜெலுத்தோங்கை மூன்று விதமாய் எழுதியிருந்தார்கள்.
"அடிக்கடி புகார் செய்பவர்" என்று ஒரு குறிப்பு.
அதுவும் என் தரவுதான், எனக்குச் சேர வேண்டியதுதான்.

பிறகு குரல்.
முதல் நான்கு நிமிடம்
என்சிக், என்சிக் என்று பணிவாக மலாய் பேசுகிறேன்.
காத்திருக்கச் சொல்கிறார்கள்.
அவர்கள் பக்கம் பியானோ.
என் பக்கம்
யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்ட ஒரு வீடு.

குக்கர், ஒரு விசில்.
"எத்தன தடவ சொல்றது?" இது நான்.
வெறுமை. ஆறு விநாடி.
"ஒங்கப்பன் வீட்டுக் காசா?"
வெறுமை. பதினான்கு விநாடி.
இன்னொரு விசில்.
"வாய மூடு."
அதன்பிறகு வெட்ட ஒன்றுமில்லை போலும்,
தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் முழுசாக இருந்தது.

இணைப்புக் கடிதத்தில் ஒரு வரி:
மூன்றாம் நபரின் தகவல் நீக்கப்பட்டுள்ளது.

இருபத்திரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தெழுந்தவள்
மூன்றாம் நபர்.
சரிதான், என் உரிமை என் குரலோடு முடிகிறது.
தமிழ் தெரிந்த யாரோ ஒருவர்
காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு
அவள் எங்கே தொடங்கினாள், எங்கே முடித்தாள் என்று
அளந்து வெட்டியிருக்கிறார்.
பக்கத்தில் நின்ற எனக்கு
அவள் சொன்னதில் ஒரு சொல்கூட ஞாபகமில்லை.
அந்த ஆளுக்குத் தெரியும்.

பதினோராம் நிமிடம் பியானோ நிற்கிறது.
"தெரிமா காசி, என்சிக்."
அதே வாய். தேன் ஒழுகுகிறது.
ரத்து என்று அவர் சொல்வதும் தெளிவாய்க் கேட்கிறது.
ஜெயித்துவிட்டேன்.

ஏழரைக்கு பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ் கீழே நின்றது.
லிஃப்ட் வேலை செய்யவில்லை;
மூச்சு வாங்க வந்து சப்பாத்தைக் கழற்றினாள் யோகேஸ்வரி.
கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்,
பாரமில்லாமல், பத்து வெள்ளி இல்லாமல்:
"அன்னைக்கு நான் போன்ல இருந்தப்ப
நீ என்ன சொன்னே?"

கோப்பியை ஊதினாள்.
"என்னைக்கு?"