இரவு ஒன்றரை வரை நேற்று

உருப்படி என்று பெயர் வைத்தபோதே
மாமனார் கேட்டார்: உருப்படுமாங் மாப்ள?
தைத்த பீஸை போனில் எண்ணி வைக்கும்
ஒரு சின்ன மென்பொருள்.
யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.
காசு கிடையாது.
காசு கிடையாது என்பதை மட்டும்
வீட்டுக்கு வரும் ஒவ்வோர் ஒறம்பரைக்கும்
தனியாக விளக்க வேண்டும்.

ஐந்து பேர்.
பகலில் நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்.
ஷமீலாவுக்கு ஈரோட்டில் கல்லூரி ஆய்வகம்.
பொங்கியண்ணனுக்குப் பல்லடத்தில் கோழித்தீவன ஏஜென்சி.
தபஸ் ஓவர்லாக் ஓட்டுகிறான், ராத்திரியில் ஒடியாவில் பெயர்க்கிறான்.
இடுப்புப்பட்டைக்குத் தோதான சொல் கிடைக்காமல்
அவனே ஒன்று செய்து தந்தான்.
ஐந்தாவது ஆள் லோகேஸ்வரன்.
நான்கு வருஷமாகப் பதில் இல்லை.
பட்டியலிலிருந்து பெயரை எடுக்க
யாருக்கும் கை வரவில்லை.

ஞாயிறு. அனுப்பர்பாளையம் பேக்கரி.
நான்கு டீ, தபஸுக்கு மட்டும் தேங்காய் பன்,
கட்டிங் பில்லின் முதுகில் அடுத்த ஆறு மாதம்.
2.4: போன் மாற்றினால் கணக்குத் தொலையக் கூடாது.
2.5: அட்வான்ஸைக் கழிக்கிற இடம்.
3.0: போனஸ். தீபாவளி நோம்பிக்கு முன்னால்.
எத்தனை நாள் முன்னால் என்றாள் ஷமீலா.
மூன்று வாரம் என்றான் தபஸ்,
தகராறு பண்ணவே இரண்டு வாரம் வேண்டும்.
எழுதிக்கொண்டோம்.
வெள்ளி, சனி எதையும் வெளியிடுவதில்லை.
எங்களிடம் இருக்கிற ஒரே சட்டம்.
சனிக்கிழமை சம்பளம்.
ஒருமுறை வெள்ளி ராத்திரி விட்டோம்;
விடிந்தபோது நூற்றுப் பத்துப் பேர் கணக்கில்
பைசா உதிர்ந்திருந்தது.

பொங்கியண்ணனுக்கு ஒரு வரி கண்ணை உறுத்தியது.
நேரத்திலிருந்து ஐயாயிரத்து நானூறைக் கழிக்கிற வரி.
மேலே லோகேஸ்வரன் எழுதியிருக்கிறான்:
இதைத் தொடாதீங்க. ஏன்னு அப்புறம் எழுதறேன்.
அந்த அப்புறத்துக்கு இப்போது நான்கு வயசு.
எடுத்துரலாமுங், சுத்தமா இருக்கட்டும் என்றான்.
சரி என்றேன்.
முப்பத்தேழு புகார் திறந்து கிடக்கையில்
ஏதோ ஒன்றுக்குச் சரி சொல்வது எவ்வளவு சுகம்.

சோதித்துப் பார்ப்பவர்கள் பதினொரு பேர்.
அடுத்த ஞாயிறு விடியக்காலை ஒரு குரல் பதிவு,
பின்னால் மெஷின் சத்தமே இல்லை.
பதினைந்து வேலம்பாளையம் சாமியாத்தாள்:
ஏனுங், நேத்து ரெண்டு ஷிப்ட் பாத்தனுங்,
ராத்திரி ஒரு மணி வரைக்கும்.
கடைசி நாப்பது பீஸு
அடுத்த வாரத்துல போயி உக்காந்திருக்குதுங்.

தொண்ணூறு நிமிடம்.
ஐயாயிரத்து நானூறு நொடி.
கடிகாரத்துக்குப் பன்னிரண்டில் நாள் முடிகிறது.
இந்த ஊரில் முடிவதில்லை.
கம்பெனி வேன் இறக்கிவிட்டு
சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கிறவரை
அது சனிக்கிழமைதான்.
இதைச் சொல்ல அவனுக்கு ஒரு வரி போதும்.
எழுத உட்கார்ந்த ராத்திரி என்ன ஆனதோ.

வரியைத் திரும்ப வைத்தோம். கீழே எழுதினேன்:
இரவு ஒன்றரை வரை நேற்று.

பிறகு தூக்கம் இல்லை.
என்னுடைய அப்புறங்கள் எத்தனை என்று தேடிப் பார்த்தேன்.
அறுபத்து மூன்று.
சாவி எல்லாம் என் போனில்.
வெளியிடும் வழி என் தலையில்,
அதிலும் பாதி விரல்களில்.
கட்டிங் பில்லை எடுத்து 2.4க்கு நேராக எழுதினேன்:
வெளியிடுவது ஷமீலா. நான் கூடாது.

செவ்வாய் காலை விட்டுவிட்டாள்.
குறிப்பில் போன வருஷத்தைப் போட்டிருக்கிறாள்.
திருத்த என்னால் முடியும்,
சாவியில் இன்னும் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது.
சூப்பர்வைசர் கூப்பிடுகிறார்,
காலர் நிறம் சாம்பிளோடு சேரவில்லையாம்.
போகிறேன்.