கேட்கவில்லை

விசாரணை ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்கிறேன்.
நிமிடத்துக்கு ஒரு டாலர் இருபது சென்ட்.
யாரும் பேசாத நிமிடத்துக்கும் அதே கூலிதான்.

இன்றைய கோப்பு டூ ஹார்பர்ஸிலிருந்து.
மூன்று தொலைபேசிகள்.
நீதிபதி ரோஸ்லின் பெட்டர், இருமல் மாத்திரையைச் சப்பிக்கொண்டே பேசுகிறவர்.
காப்பீட்டுத் தரப்பு ஹோல்ம், காரில் இருக்கிறார்,
இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொள்கிறது.
மூன்றாவதில் சோல்வே நைஸ்ட்ராம், பிசியோதெரபிஸ்ட்,
அவள் பக்கத்தில் ஒரு மூச்சு.

மூச்சின் பெயர் ஆர்விட் மாக்கினென்.
தாதுக் கப்பல்துறையில் முப்பத்தொரு வருடம்.
பிப்ரவரியில் வலது கை, கால் விழுந்துவிட்டன,
கூடவே பாதிச் சொற்களும்.

ஹோல்ம் சொல்கிறார்:
மறுக்கப்பட்டது நோயாளியின் பலன்,
மேல்முறையீடு செய்திருப்பது சிகிச்சை தருகிறவர்.
பிரதிநிதிப் படிவத்தில் கையெழுத்து இல்லை.
அம்மணிக்கு இங்கே நிற்க இடமில்லை,
வழக்கும் நிற்காது.

கையெழுத்து இருக்கிறது, என்கிறாள் சோல்வே.
இடது கையால் போட்டார்.
கட்டத்தில் தொடங்கி மேசைவரை போய்விட்டது.
உங்கள் ஸ்கேனர் ஓரத்தை வெட்டிவிட்டது,
மேசையை நான் எப்படி அனுப்புவது?

(சிரிப்பு) என்று அடித்தேன். பெட்டருடையது, சிறியது.

உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்காகவா இது, மிஸ் நைஸ்ட்ராம்?

நான்கு நொடி.

அதற்கும்தான். எட்டு முறை போனதற்குக் காசு வரவில்லை,
பொய் சொல்லமாட்டேன்.
ஒன்பதாவது முறை போனேன்.
கதவை அவரே திறந்தார்.

ஹோல்ம் ஆட்சேபிக்கிறார். எதை என்று எனக்கு விளங்கவில்லை,
அவருக்கும் விளங்கியிருக்காது.

சரி, அவரிடமே கேட்போம், என்கிறார் பெட்டர்.
மிஸ்டர் மாக்கினென், இந்த மேல்முறையீடு உங்களுடையதா?

ஏழு மாதத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.
மற்றவை எல்லாம் கடிதங்கள்.

பத்தொன்பதாம் நிமிடம், இருபத்திரண்டாம் நொடி.
நாற்காலி பின்னால் தேய்கிறது.
வாக்கரின் ரப்பர் முனை தரையில் ஒருமுறை வழுக்குகிறது.
சோல்வே, கிட்டத்தட்ட உதட்டுக்குள்:
மூக்கு முன்னால். இன்னும் முன்னால். இப்போது.
பிறகு ஒரு நீண்ட முனகல்,
பாரம் ஏற்றிய சரக்கு வண்டி அசையுமுன் கொக்கிகள் இறுகுமே, அப்படி.
தொலைபேசியில் பதில் சொல்ல
எழுந்து நிற்கத் தேவையில்லை என்று
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நாற்பது நொடி.
அதன் கடைசியில் ஒரு சொல், அல்லது சொல்லின் முன்பாதி.

பதிவுக்காக, என்கிறார் பெட்டர், பதில் தெளிவாக இல்லை.
பத்து நாள் தருகிறேன். புதுப் படிவம் அனுப்புங்கள்.
தயவுசெய்து கட்டத்துக்குள்.

எங்கள் கையேடு, பக்கம் ஆறு:
சொல்லல்லாத ஒலியைப் பதிய வேண்டாம்.
மூன்று முறைக்குமேல் திருப்பிக் கேட்க வேண்டாம்.
பிடிபடாத சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள்
கேட்கவில்லை என்று போட்டு மேலே போகவும்.

பதினொரு முறை திருப்பினேன்.
காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.
அடைப்புக்குறியைத் திறந்து, மூடி, அழித்தேன்.
நான் கட்சிக்காரி இல்லை, சாட்சி இல்லை,
அவர்கள் யாருக்கும் என் பெயர்கூடத் தெரியாது,
இந்த வழக்கில் எனக்கும் நிற்க ஓர் அங்குலம் கிடையாது.
ஆனால் கேட்டதை அடிக்கத்தான் சம்பளம்.
எனக்குக் கேட்டது.

மாக்கினென்: என்னு—

அப்படியே, கோட்டோடு, அனுப்பிவிட்டேன்.
ஹோல்மின் இண்டிகேட்டரை மட்டும்
விதிப்படி விட்டுவிட்டேன்.