மணிக்கூண்டு

குமுளிச் சோதனைச்சாவடிக்கு நாற்பதடி அந்தப்புறம்,
ஏலக்காய்க் கடை மாடியில்
மணிக்கு இருபது ரூபாய்.
இரண்டு கைப்பிடி. ஒன்றில் இடது பொத்தான் அமுங்காது.
எப்போதும் அதுதான் எனக்கு.

ஆட்டத்தில் ஒரு பாலம்.
பாலத்துக்கு அப்பால் மூடுபனி.
மஞ்ஞு என்பான் சிபிச்சன்.
எந்த மொழியில் சொன்னாலும்
குதிரை அதற்குள் போகாது,
நின்ற இடத்திலேயே கால் மாற்றி ஓடும்.

அவன் வராத ஒரு சனிக்கிழமை
தனியாக ஆடினேன் என்றும்
தாண்டிவிட்டேன் என்றும் சொன்னேன்.
உள்ளே ஓர் ஊர் இருக்கிறது.
கடைத்தெரு. ஈரக் கல் பாவிய சந்து.
மணிக்கூண்டு. அதில் மணி நாலேகால்.
நாலேகால் என்று சேர்த்ததில்தான் நம்பினான்.

அந்த விடுமுறை முழுக்க
அவன் அப்பச்சன் சட்டைப்பைக் காசில்
பனியை முட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் கோட்டயம் போய், அயர்லாந்து போய்.
நான் கம்பத்திலிருந்து மேலே ஜீப் ஓட்டி.
விடியுமுன் பதினான்கு பெண்கள்,
பதினான்கு தூக்குவாளி.

ரீமாஸ்டர் வந்த வருஷம்
ஒரு படம் அனுப்பினான். சொல் ஒன்றும் இல்லை.
அதே பாலம். அதே குதிரை,
பிடரியை மயிர் மயிராக எண்ணலாம்.
பனி இல்லை.
பனி இருந்த இடத்தில் தரை முடிந்துவிட்டது.
அட்டையில் வெட்டியதுபோல் ஒரு மரம்,
அதன் பின்னால் வெறும் நீலம்.
பழைய பெட்டிக்குத் தொலைவை வரையத் திராணி இல்லை,
அதை மறைக்கப் போர்த்திய போர்வையாம் பனி.
அழுக்கைத் துடைத்தார்கள்.
என் பொய்யும் துணியோடு வந்துவிட்டது.

இரைச்சல் பாலத்து வளைவில் வண்டியை ஓரங்கட்டி
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன்.
என்னண்ணே, சாவுச் சேதியா
என்றாள் பின்சீட்டுப் பாண்டீஸ்வரி.
பதில் போடவில்லை.
நாலு வருஷம்.

இப்போது ரீமேக்.
பேரைத் தவிரப் பழையதில்
ஒரு செங்கல்லும் எடுக்கவில்லையாம்.
குதிரைகூட வேறு குதிரை, மூச்சு விடுகிறது.
எந்த நாட்டிலோ முந்நூறு பேர் ராப்பகலாக உட்கார்ந்து
பாலத்துக்கு அப்பால் ஓர் ஊர் கட்டியிருக்கிறார்கள்.
கடைத்தெரு. ஈரக் கல்.
மீன்காரி ஒருத்தி குதிரைக்கு வழி விட்டுத் திட்டுகிறாள்.
என் பொய்யை யார் யாரோ
சம்பளம் வாங்கிக்கொண்டு மெய்யாக்கிவிட்டார்கள்.

சிபிச்சன் குரல் அனுப்பினான், பாதித் தூக்கத்தில்:
எடா, ஊர் உண்டு. நீ பறஞ்ஞது போலத் தன்னே.
கொஞ்சம் மூச்சு.
மணிக்கூண்டு மாத்ரம் காணானில்ல.

ஐந்தே முக்கால். முன்கண்ணாடியில் மஞ்ஞு.
விளக்கைப் போட்டால் விளக்குதான் தெரிகிறது.
வளைவை மனப்பாடத்தில் திருப்புகிறேன் என்று தெரிந்து
பதினான்கு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் எழுதினேன்:
சந்து முடிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பு.
அப்படியும் தெரியாவிட்டால்
நாலேகால் வரை நில்.