ஐந்தாம் வேற்றுமை

பிராகில் மாலை ஆறு.
மாளிகாவத்தை மாடிவீட்டில் இரவு பத்தரை.
கெய்சர் வீதிக் கடையின் ஷட்டர் கறை
கையில் இன்னும் போகவில்லை.
பல்கலைக்கழகம் போனுக்குள் வந்துவிட்டது,
டேட்டா தீருமுன் பாடம் தீர வேண்டும்.

'அனோ' என்றால் ஆம்.
சுவருக்கு அப்பால் சுமனா அக்கா
'அனே' என்கிறாள். அது ஐயோ.

ஓநாய்க்கு வ்ல்க்.
விரலுக்கு ப்ர்ஸ்த்.
கழுத்துக்கு க்ர்க்.
உயிரே இல்லை, எல்லாம் மெய்.
புள்ளிகளை மட்டும் அடுக்கிக்கொண்டு
எங்கே மூச்சு விடுகிறார்கள்?
பாயில் கிடந்த தங்கச்சி கேட்டாள்:
"நானா, தொண்டையில முள்ளா?"

இன்றைக்கு ஐந்தாம் வேற்றுமை.
நமக்கு அது நீங்கல்,
அவர்களுக்கு விளி.
கூப்பிட்டால் பெயர்களுக்கு வால் முளைக்கிறது.
லென்கா டீச்சர் பட்டியலில் இறங்கி இறங்கி
என்னிடம் வந்தார்:
"ருஸைக்கு!"

வீட்டில் நான் ருஸை.
நான்காம் வேற்றுமை என்றே காதில் விழுந்தது.
ருஸைக்கு
ஏதோ தரப்போகிறார்.
மடியில் கை விரித்துக் காத்திருந்தேன்.

மறுபடி ஏதோ சொன்னார்.
மெதுவாக.
இன்னும் மெதுவாக.
மூன்றாம் தடவைதான் விளங்கியது:
மைக் மூடியிருக்கிறது.

திறந்தேன்.
எனக்கு முன்
தெமட்டகொட ரயில் பேசிவிட்டது.