சாயம் ஏறாத இடம்

செக்கிங் டேபிளில் எனக்குப் பதினொரு வருஷம்.
பனியனை உள்புறம் திருப்பி, ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து,
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
எது பட்டாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
ஓரமாய்ப் போடுவேன்.
அம்பு ஒட்டினால் கழிவு என்று அர்த்தமில்லை.
இன்னொரு தரம் பார், அவ்வளவுதான்.
புதுசாய் வரும் பிள்ளைகளுக்கு
நானே சொல்லிக்கொடுப்பது இது.

ஆவணியில் கம்பெனிக்கே கேம்ப் வந்தது.
முப்பது தாண்டினவர்கள் வரலாம் என்று
மைக்கில் சொல்லாமல் காதில் சொன்னார்கள்.
துளசிமணி மாட்டவே மாட்டேன் என்றாள்.
நிற்காமல் பத்து நிமிஷம் படுக்கலாமே என்று
நான் போனேன்.
ஒரு பஞ்சுக்குச்சி. முடிந்தது.

மூன்று வாரம் கழித்து, ஓவர்லாக் இரைச்சலுக்கு நடுவே
"பாசிட்டிவ்ங்க அக்கா" என்றது ஒரு குரல்.
நல்லதுங் என்று வைத்துவிட்டேன்.
நர்ஸ் ரெஜினா மறுபடி அடித்தாள்.

அன்று பொழுதோட அரிசிம்பருப்புக்கு
ரெண்டு தரம் உப்புப் போட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.
நூல் லோடு ஏற்றி பிவண்டி வரை போகிறவர்.
ராத்திரி, தூங்குகிற அந்த முகத்தை
துணியைப் பார்ப்பது போலவே பார்த்தேன்,
வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி.

காலையில் ரெஜினாவிடம் கேட்டேன், யார்கிட்டிருந்துங்?
"எப்ப வந்துதுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாதுங்க.
வருஷக்கணக்கா சத்தமில்லாமக் கெடக்கும்.
முக்காவாசிப் பேருக்கு வந்து, தானாப் போயிரும்.
போகாதவங்களத்தான் தேடறோம்."
சண்டைக்கு எடுத்து வைத்திருந்த
ஒரு கூடை வார்த்தைகளை
எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.

புத்துக்குப் பால் ஊற்றி வளர்ந்தவள் நான்.
அந்த வார்த்தையைக் கண்டு பயந்ததில்லை,
இந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கும் வரை.

செவ்வாய்க்கிழமை, அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று
பெரியாஸ்பத்திரி.
டாக்டரம்மா முதலில் காடி மாதிரி ஒன்றைத் தடவினார்.
குளிர்ந்து, கொஞ்சம் எரிந்தது.
"ஒரு ஓரம் வெள்ளையாகுது."
பிறகு அயோடின்.
"நல்ல இடம் பழுப்பாயிடும். இங்க மட்டும் சாயம் ஏறல."
எங்க டையிங்லயும் இப்பிடி வருங்க என்றேன், கூரையைப் பார்த்துக்கொண்டு.
"வந்தா என்ன பண்ணுவீங்க?"
துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புவாங்க.
"நானும் அதேதான். சின்ன பீஸ் எடுக்கிறேன், இருமுங்க."

இருமினேன்.
அடிவயிற்றில் ஒரு கிள்ளல்.
சீட்டில் வட்டம் போட்டு, கடியாரத்தில் ரெண்டு மணி இருக்கும் இடத்தில்
புள்ளி வைத்துக் கொடுத்தார்.
அம்பு மட்டும்தான் இல்லை.

பதினைந்து நாள்.
அதைப் பற்றி எழுத எனக்கு வராது.
மாகாளியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.
எழுபது பீஸ் ரீ-செக்கில் திரும்பி வந்தது,
சூப்பர்வைசர் முதல் தடவையாக என்னைத் திட்டினார்.
எட்டாவது நாள் அவரிடம் சொன்னேன்.
வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் என்றார்,
நிறுத்திவிட்டு, வெகுநேரம் பேசவில்லை.
பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது.
"ரிசல்ட் அன்னிக்கு நானும் வர்றேன்."

வந்தார்.
மகளிர் பிரிவு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்.
உள்ளே டாக்டரம்மா,
"முதல் படி மாற்றம். புற்று இல்லை.
பெரும்பாலும் உடம்பே சரிபண்ணிக்கும்.
ஆனா ஒரு வருஷத்தில திரும்பி வரோணும். வராம இருந்துராதீங்க."
அந்த 'ஆனா'வை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் டேபிளில் துளசிமணி,
தலை நிமிராமல், கத்தரி நுனியால் நூலை நறுக்கிக்கொண்டே
"வலிக்குமா?" என்றாள்.
குச்சிக்கு ஒண்ணுமில்ல என்றேன்.
அடுத்த பீஸை எடுத்தாள்.

அடுத்த வருஷத்துக் காலண்டர் இன்னும் வரவில்லை.
பீரோக் கதவின் உள்பக்கம்
வெறும் தகரத்தில்
ஒரு சிவப்பு அம்பு ஒட்டிவைத்திருக்கிறேன்.
தேதி வந்ததும்
அதன் மேல் மாற்றி ஒட்ட வேண்டும்.