படர்க்கை

ஏஜாக்ஸ். பெப்ரவரி. வேலை இடைவேளை.
பேக்கரியின் பின்பக்கம், மா மூட்டை இறக்கும் கதவடியில்
வண்டிக்குள் இருந்து பேசுகிறேன்.
ஹீட்டர் கால்களை மட்டும் சூடாக்குகிறது.
காப்புறுதி புதுப்பிக்க நாளை கடைசி நாள்.
கைபேசியில் நிரோஜன்:
"அக்கா, லயபிலிட்டி
ஒரு மில்லியன் போடவோ, ரெண்டு போடவோ?"

நாற்பத்தாறு வருடத்தில்
ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.
முன்கண்ணாடி புகார் மூடும் வரை சிரித்தேன்.
வங்கியில் அறுநூற்று நாற்பது டொலர்.
சீட்டு எனக்கு விழுவது யூனில்.

"உங்களுக்கில்லை அக்கா.
நீங்கள் ஆரையும் இடிச்சால், அந்த ஆளுக்கு.
மூண்டாம் ஆள் எண்டு சொல்லுறது.
சட்டத்துக்கு ரெண்டு லட்சம் காணும்.
மனுசருக்குக் காணாது.
ஒரு முள்ளந்தண்டு போனாலே..."
அவன் முடிக்கவில்லை.
நானும் முடிக்கச் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பில் படித்தது:
பேசுகிறவள் தன்மை, கேட்கிறவன் முன்னிலை.
இரண்டு பேரும் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ,
அந்த இடத்தில் இல்லாத அந்த ஆள்
படர்க்கை.
பரீட்சைக்குப் பிறகு
இன்றுதான் அந்தச் சொல் தேவைப்பட்டது.

முதலில் மற்றதை முடிப்போம் என்றேன்.
டிடக்டிபிள்.
இப்போது ஐந்நூறு. அதை இரண்டாயிரமாக்கினால்
மாதம் பத்தொன்பது டொலர் மிச்சமாம்.
பெற்றோல் ரசீதின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன்.
கூடுகிற ஆயிரத்து ஐந்நூறைப் பத்தொன்பதால்.
எழுபத்தெட்டு மாதம், சொச்சம்.
ஆறரை வருடம் கீறல் படாமல் ஓடினால்தான்
அந்த மிச்சம் என் மிச்சம்.

தவேந்திரனைக் கேட்டால் சொல்லுவார்:
குறைச்சுக் கட்டு, கவனமாய் ஓடு.
என் கவனம் எனக்குத் தெரியும்.
ரயருக்குத் தெரியாது.

ஆகவே வேறு கணக்கு.
ஒரு கெட்ட காலையில்,
இழுவை வண்டிக்காரன் பக்கத்தில் நிற்கையில்,
யாருக்கும் போன் எடுக்காமல்
நானாக எடுத்து வைக்கக்கூடிய காசு எவ்வளவு?
விரலுக்குத் தக்க வீக்கம்.
"ஐந்நூறே இருக்கட்டும் தம்பி."
"சரி அக்கா. சீட்டு விழுந்த பிறகு கூப்பிடுங்கோ,
கூட்டலாம்."
சீட்டைப் பற்றி அவனிடம் எப்போது சொன்னேன்?

போன வருடம் ஜனவரி.
ஹார்வுட் அவெனியூவில், விடிய ஐந்தே கால்.
பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்கவில்லை.
வழுக்கிய அந்த நேரத்தில் ஒரு சத்தமும் இல்லை,
அதுதான் இன்னும் நினைவில் நிற்கிறது.
செம்மஞ்சள் ஜாக்கெட்டில் ஒரு மனிதர்,
பிள்ளைகளின் பனிச்சறுக்குப் பலகையில்
மூன்று பை பாலை வைத்து
கயிற்றால் இழுத்துக்கொண்டு.
ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது.
அவர் திட்டவில்லை.
சரிந்த பால் பையை நேராக வைத்தார்,
என்னை ஒருதரம் பார்த்தார், போனார்.
அன்றைக்கு நான் உருட்டிய பாண் எல்லாம்
கோணலாகவே வந்தது.
இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

"அக்கா, லைனில் நிக்கிறியளோ?"

"ரெண்டு போடும்."

மாதம் ஆறு டொலர் கூட.
இரண்டு கோப்பி, ஒரு டோனட்.

பிறகு படிவத்தை வாசித்தான்.
வண்டி இரவில் எங்கே நிற்கும்? வெளியில்.
குளிர்கால ரயர்? உண்டு.
கடந்த ஆறு வருடத்தில் ஏதும் விபத்து?
இல்லை என்றேன்.
அது உண்மை.
ஒரு முழத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இடைவேளை முடிய நாலு நிமிடம்.
திறப்பைத் திருப்பி நிறுத்தினேன்.
கண்ணாடியின் புகாரை முழங்கையால் துடைத்தேன்.
இந்த ஊரில் எங்கோ ஒருவர்
குளிர்பெட்டியைத் திறந்து
பால் இருக்கிறதா என்று பார்க்கிறார்.