மிச்சப் பெட்டி

கோரமங்களா, நான்காம் மாடி.
நாளுக்குப் பதினொரு படம் பார்த்து
வகை போட வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

இதில் ஒருத்தி வெங்காயம் நறுக்குகிறாள்.
பின்னால் கதவு திறந்திருக்கிறது.
வயலின் இழுத்தால் திகில்.
மாமியார் நுழைந்தால் குடும்பம்.
இரண்டும் இல்லை.
இருபது நிமிடமாக
நறுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

"டிராமான்னு போட்டுடு,
மிச்சமெல்லாம் அதுலதான்" என்கிறான்
பக்கத்து நாற்காலி நஞ்சுண்டப்பா.

கடற்கரையில் கூடல்,
மலையில் பிரிவு என்று
நிலம் மாறி வந்ததற்கும்
ஒரு பெயர் வைத்திருந்தார்கள்:
திணை மயக்கம்.
பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வி.
இங்கே பட்டியலில் இல்லை.

இரவு பெல்லந்தூர் அறையில்
வெங்காயம் எடுக்கிறேன்.
கதவைச் சாத்தத் தோன்றவில்லை.
காது மட்டும் முதுகுக்குப் போய்விட்டது.

எதிர்வீட்டுக் குக்கர்,
ஒரு விசில்.